கீழிருந்து

தடைக்காலம். போட்டு தேங்காப்பட்டணம் துறைமுகத்தில்
மற்றப் போட்டுகளோடு முட்டிக்கொண்டு கிடக்கிறது.
நாற்பது நாளாகச் சுக்கான் பிடிக்காத கை
ராத்திரியானால் ஜாய்ஸ்டிக்கைத் தேடுகிறது.

ரேடார் லிஜினுடைய வேலை.
குலசேகரத்தில், ரப்பர் ஷீட் அடுக்கிய அறைக்கு அடுத்த அறையில்
ஹெட்செட் மாட்டி உட்கார்ந்திருப்பான்.
கடலில் அவன் கால் நனைத்தது மொத்தம் இரண்டு தடவை.
"வலது… இன்னும் கொஞ்சம் வலது… மெதுவா மக்கா.
எண்ணூறு மீட்டர். நம்மளவிட மேல."
அவனுக்குப் பச்சைத் திரையில் ஒரு பொட்டாவது உண்டு,
எனக்கு ஆறாயிரம் மீட்டர் உயரத்து இருட்டு.

அறை விளக்கை அணைத்துவிடுவேன்.
திரையின் வெளிச்சத்தைக் கூட்டிவைத்து வேட்டையாடுகிறவர்கள் உண்டு,
அவர்களோடு பேச்சு வைத்துக்கொள்வதில்லை.
இருட்டை நேராகப் பார்க்கக் கூடாது,
ஓரக்கண்ணால் பார்க்க வேண்டும்.
நட்சத்திரத்தைத் தேடக் கூடாது,
நட்சத்திரம் இல்லாமல் போன இடத்தைத் தேட வேண்டும்.
அங்கேதான் நூறடி இறக்கை, நான்கு எஞ்சின்,
ஏழு பேர்.

புதிதாக வருகிறவன் பின்னாலிருந்து போவான்.
வாலில் ஒருத்தன் நான்கு குழலோடு
அவனுக்காகவே குளிரில் விழித்திருக்கிறான்.
சந்தேகம் தட்டினால் போதும், அத்தனை பெரிய உருப்படியும்
திருகாணிபோல் சுழன்று இறங்கி மேகத்துக்குள் போய்விடும்.

நான் முதலில் தாழ்கிறேன்.
பிறகு அவன் வேகம் என் வேகமாகும்வரை
த்ராட்டிலை ஒரு மயிரிழை முன்னே, ஒரு மயிரிழை பின்னே.
பிறகு எழும்புகிறேன், கிணற்றில் தண்ணீர் ஏறுவதுபோல.
என் துப்பாக்கிகள் முதுகில், சாய்வாக வானம் பார்த்து இருக்கின்றன.
குண்டுகள் ஒளிக்கோடு போடாதவை.
வயிற்றைத் தொடக் கூடாது.
அது வெடித்தால் எனக்கும் சேர்த்துத்தான்.
இரண்டு எஞ்சினுக்கு நடுவே, இறக்கைக்குள், பெட்ரோல் டாங்கி.
ஒரு நொடி அழுத்தல். உடனே விலகல்,
எரிகிறது நம் தலையில் விழும் முன்னே.

எல்லாம் அத்துப்படி.
மேலிருப்பவன் கீழே பார்ப்பதில்லை என்பதை மட்டும்
இந்த விளையாட்டில் நான் படிக்கவில்லை.

மாசி மாதம். கொச்சிக்கு மேற்கே இருநூறு மைல்.
சுக்கானில் நான், மற்றப் பத்துப் பேரும் உறக்கத்தில்.
முதலில் நட்சத்திரங்கள் கொஞ்சம் காணாமல் போயின.
வயர்லெஸில் பதினாறாம் சானலில் தமிழில் கூப்பிட்டேன்,
மலையாளத்தில் கூப்பிட்டேன்,
தெரிந்த இங்கிலீஷ் நான்கு வார்த்தையில் கூப்பிட்டேன்.
சரக்கில்லாத கப்பல். தண்ணீருக்குள் இருக்க வேண்டிய
சிவப்புப் பெயின்ட்டெல்லாம் வெளியே தெரிந்தது.
பாதி முங்கிய புரொப்பெல்லர் கடலை அடித்த அடி
பல்லில் கேட்டது.
உச்சியில் மஞ்சளாக ஒற்றை சன்னல்.
யாராவது அங்கே டீ ஆற்றிக்கொண்டிருந்திருக்கலாம்.
போட்டு ஒருமுறை படுத்து எழுந்தது.
பனியடிமை கண் திறக்காமலே கேட்டார், "என்ன அலை?"
"கப்பல் போவுது."
"ம்" என்று புரண்டு படுத்துக்கொண்டார்.

நாங்கள் அங்கே இருந்தது
அந்தக் கப்பலுக்கு இன்றுவரை தெரியாது.

"அறுபது மீட்டர்," என்கிறான் லிஜின். "சுடு."
தலைக்கு மேல் கறுத்த வயிறு,
எஞ்சின் புகைவாயில் நீலமும் சிவப்புமாகத் துளித்துளி நெருப்பு.
எத்தனை தடவை இந்த இடத்தில் நின்றிருக்கிறேன்!
இன்று விரலை வைத்துக்கொண்டு, வெட்கம்தான்,
சன்னல் தேடுகிறேன்.
இந்த விமானத்தை அடியில் சன்னல் வைக்காமலே கட்டியிருக்கிறார்கள்.
"சுடு மக்கா. என்ன பாக்க?"

வெளியே கச்சான் காற்று ஓட்டைப் புரட்டியது.
எங்கோ தென்னை மட்டை கம்பியில் விழுந்திருக்க வேண்டும்.
திரை போயிற்று, ஃபேன் போயிற்று,
தூத்தூர் முழுக்கப் போயிற்று.
கடல் மட்டும் சத்தமாக இருந்தது.

போன் அடித்தது.
"எங்க போன? அவன் அப்பிடியே நேராப் போறான்,
ஒண்ணும் தெரியாம போறான்!"

"இங்கதான்," என்றேன்.
"கீழதான் நிக்கேன்."